பட்டாளத்துக்குப் போனவருகிட்ட இருந்து போன் வரல: குடும்பத்துல அடிக்கடி கேக்குற கேள்விகளும் பதிலும்

எங்க வேலூர் பக்கம் கம்மவான்பேட்டை மாதிரி ஊரெல்லாம் இருக்கு, ராணுவப்பேட்டைன்னே சொல்லுவாங்க, வீட்டுக்கு வீடு ஒரு பட்டாளத்துக்காரராவது இருப்பாரு. எனக்கும் அப்பா பட்டாளம், வீட்டுக்காரரும் பட்டாளம். 2025 மே மாசம் ஆபரேஷன் சிந்தூர் நடந்தப்போ, புதுசா கல்யாணம் ஆகி வந்த பொண்ணுங்க, புள்ளைய முதல் தடவையா ஃபீல்டுக்கு, அதாவது எல்லைப் பக்கம், அனுப்பின அம்மாங்க எல்லாரும் நடுராத்திரியில கூட போன் பண்ணி கேட்டது திரும்பத் திரும்ப ஒரே கேள்விங்கதான். அதையெல்லாம் ஒரே இடத்துல எழுதி வச்சா இன்னொரு தடவை யாரும் தவிக்க வேண்டாமேன்னு எழுதுறேன். ரகசியம் எதுவும் இதுல இல்ல, எல்லாம் குடும்பம் தெரிஞ்சு வச்சுக்க வேண்டிய விஷயம்தான்.

நாலு நாளா போன் வரல, கடைசியா "அப்புறம் பேசுறேன்"னு வச்சாரு. ஏதாவது ஆகியிருக்குமா?

முதல்ல ஒரு டம்ளர் தண்ணி குடிம்மா. போன் வரலன்னா தொண்ணூறு பங்கு காரணம் போன் அவரு கையில இல்லங்கிறதுதான். யூனிட், அதாவது அவரு இருக்கிற படைப்பிரிவு, மூவ் ஆகும்போது, எல்லையில இருக்கிற காவல் முகாமான ஃபார்வர்டு போஸ்ட்டுக்கு ஏறும்போது, பார்டர் சூடா இருக்கும்போது எல்லார் போனையும் வாங்கி வச்சுடுவாங்க, இல்லன்னா ஆஃப் பண்ணச் சொல்லிடுவாங்க. கிளம்புற அவசரத்துல "அப்புறம் பேசுறேன்"னு மட்டும்தான் சொல்ல முடியும், ஏன்னு சொல்லக் கூடாது.

நாங்க பண்றது என்னன்னா, அதே யூனிட்ல இருக்கிற இன்னொருத்தர் வீட்டம்மாகிட்ட கேப்போம், "அக்கா, அண்ணன் பேசினாரா?"ன்னு. அவங்களுக்கும் வரலன்னா மொத்த யூனிட்டுக்கே போன் இல்லன்னு அர்த்தம், நிம்மதியா தூங்கலாம். உங்க வீட்டுக்காரர் போன் மட்டும் வரல, மத்தவங்க எல்லாருக்கும் வருதுன்னாலும் உடனே பயப்படாதீங்க, அவரு மட்டும் நாலஞ்சு பேர் இருக்கிற சின்னக் குழுவோட மேல ஏறியிருக்கலாம், டியூட்டி மாறியிருக்கலாம், போன் கீழ விழுந்து உடைஞ்சுகூட போயிருக்கலாம். கீழ இறங்குற யாராவது ஒருத்தர் மூலமா "நல்லா இருக்கேன், சொல்லிடு"ன்னு தகவல் அனுப்புவாங்க, எங்க வீட்டுக்கு அப்படித்தான் பலமுறை வந்திருக்கு.

அதனால லீவு முடிஞ்சு அவரு கிளம்புறதுக்கு முன்னாடியே அவருகூட பேசுற ஆளுங்க ரெண்டு பேரோட வீட்டு நம்பர வாங்கி வச்சுக்கங்க. இத நான் எல்லாருக்கும் சொல்றேன், அப்பவே செய்யுறவங்க கம்மி.

ஏன் போனை ஆஃப் பண்ணச் சொல்றாங்க? ஒரு நிமிஷம் "நல்லா இருக்கேன்"னு சொன்னா என்ன ஆயிடப்போகுது?

ஒருத்தர் சொன்னா ஒண்ணும் ஆகாதுன்னு தோணும், நூறு பேரும் அதே மாதிரி நினைப்பாங்கல்ல. 2023 புத்தாண்டு அன்னைக்கு உக்ரைன்ல மகீவ்காங்கிற ஊர்ல ரஷ்யப் படைவீரங்க தங்கியிருந்த கட்டடத்து மேல ராக்கெட் விழுந்துச்சு. 89 பேர் செத்தாங்கன்னு ரஷ்ய ராணுவமே சொன்னது, அதுக்கு முக்கியக் காரணம் வீரங்க தடைய மீறி கூட்டமா செல்போன் பேசினதுதான்னும் அவங்களே சொன்னாங்க. அது புத்தாண்டு ராத்திரி. அந்த நேரத்துல ஒரு வீரன் யாருக்கு போன் பண்ணியிருப்பான்? அம்மாவுக்கும் பொண்டாட்டிக்கும்தான் பண்ணியிருப்பான். நினைச்சாலே வயித்த பெசையுது.

போன் ஆன்ல இருந்தாலே சிக்னல் போகும், பேசணும்னு கூட இல்ல. ஸ்ட்ராவான்னு ஒரு ஓட்டப்பயிற்சி ஆப், உலகம் முழுக்க யாரு எங்க ஓடுறாங்கன்னு ஒரு மேப்பா போட்டுச்சு, அதுல பாலைவனத்து நடுவுல இருந்த ராணுவ முகாமுங்க எல்லாம் வெளிச்சக் கோடா தெரிஞ்சு 2018 ஜனவரியில பெரிய பிரச்சனை ஆச்சு. யாரும் வேணும்னு காட்டிக் கொடுக்கல, கையில கட்டின வாட்ச் பண்ணின வேலை. அதனால அவரு போன் பண்ணலன்னு கோவிச்சுக்காதீங்க, பண்ணாம இருக்கிறது அவரு கூட இருக்கிறவங்க உசுரையும் சேர்த்துக் காப்பாத்துற வேலை.

எந்த ஊர்ல இருக்கேன்னு கட்டின பொண்டாட்டிகிட்ட கூட சொல்ல மாட்டேங்கிறாரு. என்மேல நம்பிக்கை இல்லையா?

நம்பிக்கை இல்லாம இல்லம்மா. உங்ககிட்ட சொன்னா நீங்க உங்க அம்மாகிட்ட மட்டும் சொல்லுவீங்க, அவங்க பக்கத்து வீட்டுல மட்டும் சொல்லுவாங்க, சாயங்காலம் பால் வாங்குற இடத்துல எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். எங்க அம்மா ஒரு வழக்கம் வச்சிருந்தாங்க, யாரு கேட்டாலும் "வடக்க இருக்காரு"ன்னு மட்டும் சொல்லுவாங்க. அதே பதில நானும் இன்னைக்கு வரைக்கும் சொல்றேன், போதும்.

சில பேரு கோட் வேர்டு வச்சுக்கிறாங்க, "மாமா வீட்டுக்குப் போறேன்"னா லடாக்கு, "சித்தி வீடு"ன்னா காஷ்மீருன்னு. தயவு செஞ்சு இடத்துக்கு அப்படி வைக்காதீங்க, மாட்டினா அவருக்குத்தான் தண்டனை. உடம்பு எப்படி இருக்கு, சாப்பாடு எப்படி, குளிரா இல்லையான்னு கேளுங்க, அவரு இருக்கிற நிலைமை அதுலயே உங்களுக்குப் புரிஞ்சிடும்.

நம்ம ஊர் சிம் ஜம்முல இறங்கினதும் செத்துடுச்சாம், ஏன்?

பிரீபெய்டு சிம்மா இருக்கும். வெளி மாநிலத்து பிரீபெய்டு சிம் ஜம்மு காஷ்மீர்லயும் லடாக்லயும் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு மட்டும்தான் வேலை செய்யும். முதல் போஸ்டிங் போற பையன் ரயில்ல பதான்கோட் வரைக்கும் பேசிட்டே வருவான், அதத் தாண்டினதும் கட் ஆகும், இங்க அம்மா அழ ஆரம்பிச்சுடுவாங்க. கிளம்புறதுக்கு முன்னாடியே போஸ்ட்பெய்டா மாத்திக் கொடுத்துடுங்க, அதே நம்பரே இருக்கும். இல்லன்னா அங்க போய் லோக்கல் சிம் வாங்குவாரு, அதுக்குக் கொஞ்ச நாள் ஆகும், அது வரைக்கும் கூட இருக்கிறவங்க நம்பர்ல இருந்துதான் பேசுவாரு, தெரியாத நம்பர்னு கட் பண்ணிடாதீங்க.

சியாச்சின் மாதிரி பனிமலையில போன் இருக்குமா?

முன்ன மாதிரி இல்ல, இப்போ நிறைய மாறிடுச்சு. 1984 ஏப்ரல்ல நம்ம ராணுவம் சியாச்சின்ல ஏறினப்போ குடும்பத்துக்கு வழி லெட்டர் ஒண்ணுதான். அப்புறம் சாட்டிலைட் வழியா பேசுற போன் வந்துச்சு, பி.எஸ்.என்.எல். கொடுக்கிறது, டி.எஸ்.பி.டி.ன்னு சொல்லுவாங்க. நிமிஷத்துக்கு 5 ரூபா இருந்துச்சு, 2017 தீபாவளிக்கு அத 1 ரூபாயா குறைச்சாங்க. 2023 அக்டோபர்ல சியாச்சின் ஃபார்வர்டு போஸ்ட்ல 15,500 அடிக்கு மேல பி.எஸ்.என்.எல். டவரே வச்சாங்க. ஆனா டவர் இருக்குன்னா எல்லா போஸ்ட்லயும் எல்லா நேரமும் பேசலாம்னு இல்ல, பனிப்புயல் அடிச்சா ஒண்ணும் வராது, மேல இருக்கிற சின்ன போஸ்ட்டுங்களுக்கு எட்டவும் எட்டாது.

சாட்டிலைட் போன்ல பேசுறப்போ ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க. குரல் மேல போயி கீழ வந்து, பதில் திரும்ப வர்றதுக்கு அரை நொடி மாதிரி ஆகும். நீங்க "அலோ"ன்னு சொல்லிட்டு பதில் வரலன்னு மறுபடி "அலோ, கேக்குதா"ன்னு சொல்லும்போது அவரு பேசினது வந்து மோதும், ரெண்டு பேரும் "என்ன, என்ன"ன்னே கேட்டுட்டு இருப்பீங்க, அதுக்குள்ள அடுத்த ஆளு வரிசையில நிப்பாரு. ஒரு விஷயத்த முழுசா சொல்லிட்டு வாய மூடிட்டு காத்திருங்க. அழுகை வந்தாலும் பேசி முடிச்சுட்டு அழுங்க, அவரு குரல மட்டுமாவது முழுசா கேட்டுக்கலாம்.

இன்னொண்ணு, வெளிநாட்டுல இருந்து யாராவது சாட்டிலைட் போன் வாங்கிட்டு வந்து கொடுக்கிறேன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க, நம்ம நாட்டுல அனுமதி இல்லாம அத வச்சிருக்கிறதே குத்தம்.

இந்தக் காலத்துல லெட்டர் எல்லாம் எழுதணுமா? போகுமா?

போகும், கண்டிப்பா எழுதுங்க. இதப் பத்தி கொஞ்சம் அதிகமாவே சொல்லுவேன், ஏன்னா லெட்டரோட அருமை தெரியாம இப்போ எல்லாரும் விட்டுட்டாங்க.

ராணுவத்துக்குன்னு தனி தபால் துறை இருக்கு, ஆர்மி போஸ்டல் சர்வீஸ். 1972ல அது தனிப் பிரிவா ஆச்சு. நம்ம தபால் பின்கோடு 9ல ஆரம்பிச்சா அது ராணுவத் தபால். வடக்கு, மேற்குப் பக்கம் இருக்கிறவங்களுக்கு 56 ஏ.பி.ஓ. (ஏ.பி.ஓ.ன்னா ஆர்மி போஸ்ட் ஆபீஸ்), கிழக்கு, வடகிழக்குப் பக்கம் இருக்கிறவங்களுக்கு 99 ஏ.பி.ஓ. ஒண்ணு டெல்லியில பிரிப்பாங்க, இன்னொண்ணு கொல்கத்தாவுல. அதுக்கு மேல உங்க லெட்டர் எந்த மலைக்குப் போகுதுன்னு நம்மூரு போஸ்ட்மேனுக்கும் தெரியாது, அதுக்குத்தான் இந்த ஏற்பாடே.

அட்ரஸ் எழுதும்போது ஆர்மி நம்பர், ரேங்க், பேரு, கம்பெனி (யூனிட்டுக்குள்ள அவரு இருக்கிற சின்னப் பிரிவு), யூனிட், அப்புறம் கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ.ன்னோ 99 ஏ.பி.ஓ.ன்னோ எழுதி, 9ல ஆரம்பிக்கிற ஆறு இலக்க பின்கோடு. அவ்வளவுதான். "லே", "கார்கில்", "பூஞ்ச்"னு ஊர் பேர் ஒட்டக் கூடாது. அது சேர்ந்திடும்னு ஆசையில சில பேர் எழுதுறாங்க, யூனிட் எங்க இருக்குன்னு வெளியில எழுதிக் காட்டுற மாதிரி ஆயிடும். ஆர்மி நம்பர்ல ஒரு எழுத்து தப்பினாலும் அதே பேர்ல இருக்கிற இன்னொருத்தருக்குப் போகும், ஒரு யூனிட்ல எத்தனை குமாரு, எத்தனை முருகன்னு நினைக்கிறீங்க.

1999 கார்கில் சமயத்துல எங்க தெருவுல போன் இருந்தது ஒரே வீட்டுலதான், நாங்க எல்லாருக்கும் பி.பி. நம்பரா, அதாவது பக்கத்து வீட்டு நம்பரா, அதக் கொடுத்திருந்தோம். அப்பா அங்க எஸ்.டி.டி. பூத் இருக்கிற இடத்துக்கு இறங்கினாத்தான் போனு. அதனால லெட்டர்தான் எல்லாம். அம்மா ஒவ்வொரு லெட்டர்லயும் வலது மூலையில நம்பர் போடுவாங்க, அப்பாவும் போடுவாரு. ஏன்னா லெட்டர் வரிசையா போகாது, பாதை அடைச்சிருந்தா நாலஞ்சு சேர்ந்து ஒரே நாள் போகும், எத முதல்ல படிக்கிறதுன்னு நம்பர் பாத்துத்தான் தெரியும், நடுவுல ஒண்ணு வரலன்னாலும் தெரிஞ்சிடும். இன்னைக்கும் இந்தப் பழக்கம் ரொம்ப உதவும். அப்பா இன்லேண்டு லெட்டர மடிக்கிற ஓரத்துல கூட, ஒட்டுற பசைக்கு அடியில வரைக்கும் எழுதியிருப்பாரு, பிரிக்கும்போது கிழிஞ்சிடக் கூடாதுன்னு அம்மா பிளேடு வச்சு மெதுவாத்தான் வெட்டுவாங்க.

வாட்ஸ்அப் மெசேஜ் போன் வாங்கி வச்சதும் போயிடுது. லெட்டர அவரு சட்டைப் பையில வச்சுக்கலாம், டார்ச் வெளிச்சத்துல பத்து தடவை படிக்கலாம், சார்ஜ் வேண்டாம், சிக்னல் வேண்டாம், எந்த எதிரியும் அத வச்சு இடத்தக் கண்டுபிடிக்க முடியாது. மாசத்துக்கு ஒண்ணாவது எழுதுங்க. என்ன எழுதுறதுன்னு தெரியலன்னா அன்னைக்கு என்ன குழம்பு வச்சீங்க, மாடு கன்னு போட்டுச்சா, ஏரி நிறைஞ்சதா, அத எழுதுங்க. அங்க அவங்களுக்கு வேண்டியது அதுதான்.

நான் எழுதுறத யாராவது பிரிச்சுப் படிப்பாங்களா?

யுத்த நேரத்துல எந்த நாட்டு ராணுவத்துலயும் தணிக்கை பண்ற அதிகாரம் உண்டு. முதல் உலகப் போர்ல பிரான்ஸுக்குப் போன நம்ம இந்திய சிப்பாயிங்க லெட்டர எல்லாம் பிரிட்டிஷ்காரங்க ஆள் வச்சுப் படிச்சாங்க, முக்கியமானத மொழிபெயர்த்து எடுத்து வச்சாங்க, அதனாலதான் அந்த லெட்டருங்க இன்னைக்கும் நமக்குப் படிக்கக் கிடைக்குது. படிக்கிறாங்கன்னு தெரிஞ்சு சிப்பாயிங்க இந்தியப் படையக் கருப்பு மிளகுன்னும் வெள்ளைக்காரப் படைய சிவப்பு மிளகுன்னும் எழுதினாங்களாம். கருப்பு மிளகு தீந்துட்டு வருதுன்னு ஊருக்கு எழுதினா, நம்மாளுங்க செத்துட்டே இருக்காங்கன்னு அர்த்தம். நூறு வருஷத்துக்கு முன்னாடி எழுதப் படிக்கத் தெரியாதவங்க இன்னொருத்தர்கிட்ட சொல்லி எழுதினது அது.

நீங்க வீட்டுக் கதை எழுதுறதுல ஒரு தப்பும் இல்ல. புருஷன் பொண்டாட்டி அன்பா எழுதுறதுலயும் வெக்கப்பட வேண்டியதில்ல. இடம், எண்ணிக்கை, தேதி, யாரு எங்க போறாங்கன்னு மட்டும் இருக்கக் கூடாது.

முறுக்கு, பொடி எல்லாம் அனுப்பலாமா?

அனுப்பலாம், அதே ஏ.பி.ஓ. அட்ரஸ்தான். போய்ச் சேர ரெண்டு வாரமும் ஆகலாம், மலைப்பாதை பனியில அடைச்சுட்டா இன்னும் கூட ஆகலாம், அதனால அதிரசம், முறுக்கு, பொரிவிளங்கா உருண்டை, பருப்புப் பொடி, இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல் நல்லா சுண்ட வச்சது, இந்த மாதிரி தாங்குறதா பாத்து அனுப்புங்க. தேங்கா போட்டது எதுவும் வேண்டாம். எண்ணெய் மிதக்குற ஊறுகாய பாட்டில்ல அனுப்பினா ஒழுகி மொத்தப் பார்சலையும் நாசம் பண்ணும், அடுத்தவங்க லெட்டரையும் சேர்த்து. முறுக்க எவர்சில்வர் டப்பாவுல அடுக்கி, இடுக்குல பொரி கொட்டி நிரப்பிடுங்க, ஆடாது, பொரியும் சாப்பிட ஆச்சு. மேல வெள்ளைத் துணி தைச்சு, அழியாத மார்க்கர்ல அட்ரஸ், உள்ளயும் ஒரு சீட்டுல அதே அட்ரஸ். தீப்பெட்டி, லைட்டர், சென்ட்டு பாட்டில், பவர்பேங்க் எல்லாம் வைக்காதீங்க, விமானத்துல ஏத்த மாட்டாங்க.

2025ல ரிஜிஸ்டர் தபால ஸ்பீடு போஸ்ட்டோட சேர்த்துட்டாங்க, அதனால போஸ்ட் ஆபீஸ்ல ஏ.பி.ஓ.வுக்கு எது எடுக்கிறாங்கன்னு கேட்டுட்டு ரசீத பத்திரமா வச்சுக்கங்க. அனுப்பும்போது கொஞ்சம் கூடவே போடுங்க, அவரு ஒருத்தரே உக்காந்து சாப்பிட மாட்டாரு, பங்கர்ல பஞ்சாபி, அசாமி, மராத்தின்னு எல்லாரும் நம்ம முறுக்கத்தான் பிச்சுத் தின்பாங்க.

ரெண்டு நிமிஷம்தான் பேசக் கிடைக்குது. வீட்டுக் கஷ்டத்த சொல்லலாமா, மறைக்கணுமா?

பெரியவங்க "ஒண்ணும் சொல்லாத, அங்க மனசு கெட்டுடும்"னு சொல்லுவாங்க. பாதிதான் சரி. எல்லாம் நல்லா இருக்குன்னே சொல்லிட்டு இருந்தா அவருக்கும் புரியும், எதையோ மறைக்கிறாங்கன்னு ராத்திரி டியூட்டியில அதையே நினைச்சுட்டு நிப்பாரு, அது இன்னும் ஆபத்து. நான் வச்சிருக்கிற முறை என்னன்னா, நடந்தத சொல்லுவேன், கூடவே அதுக்கு என்ன பண்ணியாச்சுன்னும் சொல்லுவேன். "பாப்பாவுக்குக் காய்ச்சல், டாக்டர்கிட்ட காட்டியாச்சு, ரெண்டு நாள்ல சரியாகிடும்னாரு, தம்பி கூட இருக்கான்"னு. "பாப்பாவுக்குக் காய்ச்சல், நான் என்ன பண்ணுவேன்"னு வச்சுடக் கூடாது, அங்க இருந்து அவரு என்ன பண்ண முடியும்? நிலத் தகராறு, பங்காளிச் சண்டை, கடன்காரன் வந்து கத்தினது, இதெல்லாம் லெட்டர்ல எழுதுங்க, இல்ல லீவுல வரும்போது பேசுங்க.

போன் எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு சீட்டுல மூணு விஷயம் எழுதி போன் பக்கத்துல வச்சிருங்க. இல்லன்னா குரலக் கேட்டதும் எல்லாம் மறந்துடும், வச்சதுக்கப்புறம்தான் கேஸ் சப்சிடி பத்திக் கேக்க வந்தது ஞாபகம் வரும்.

போன் வந்தா மாமியாரே பேசிட்டு வச்சுடுறாங்க. எனக்குக் குரல் கூட கேக்கக் கிடைக்கல.

இந்தக் கேள்விய கேக்காத மருமகளே இல்ல, எல்லாரும் குரலத் தாழ்த்தித்தான் கேப்பாங்க. அவங்க பெத்தவங்க, அவங்களுக்கும் அதே தவிப்புதான். ஆனா நீயும் தவிக்கிற. சண்டை போடாம அவரையே சொல்ல வைங்க: ஒரு தடவை அம்மா நம்பருக்கு, அடுத்த தடவை உன் நம்பருக்குன்னு அவரே முறை வச்சு, அம்மாகிட்ட அவரே சொல்லிட்டா யாருக்கும் மனசு நோகாது. யாருக்கு வந்தாலும் ஸ்பீக்கர்ல போட்டு எல்லாரும் ஒரு வார்த்தை, அப்புறம் மிச்ச நேரம் முறை யாருதோ அவங்களுக்கு. அத்தைக்கும் தனியா மகன்கிட்ட பேச ஏதாவது இருக்கும், அதுக்கும் இடம் விடும்மா.

சின்னப் புள்ளைங்ககிட்ட என்ன சொல்றது?

பொய் சொல்லாதீங்க. "நாளைக்கு வந்துடுவாரு"ன்னு சொல்லி சொல்லி ஏமாத்தினா, உண்மையிலேயே வரும்போது குழந்தை நம்பாது. அப்பா நாட்டுக்கு வேலை பாக்குறாரு, அங்க போன் இல்ல, பேசுற நாள் வரும்னு சொன்னா மூணு வயசுக்கே புரியும். லீவுல இருக்கும்போதே அவரு குரல்ல கதை, திருக்குறள், "தூங்குடா செல்லம்"னு நாலஞ்சு ரெக்கார்டிங் எடுத்து வச்சுக்கங்க. குழந்தை கைய பேப்பர்ல வச்சு வரைஞ்சு லெட்டரோட அனுப்புங்க, அடுத்த மாசம் இன்னொண்ணு. கை எவ்வளவு வளந்திருக்குன்னு அவரு தன் கைய வச்சுப் பாப்பாரு.

டிவியப் பாத்தா பயமா இருக்கு, பாக்கலன்னா அதவிடப் பயமா இருக்கு.

2025 மே 7ல இருந்து 10 வரைக்கும் அந்த நாலு நாள் ஞாபகம் இருக்கா? ஒரு ராத்திரி கராச்சி துறைமுகத்தையே அழிச்சாச்சுன்னு சேனல் சேனலா ஓடுச்சு, அது நடக்கவே இல்ல. வீடியோ கேம் காட்சிய எடுத்து சண்டைன்னு ஃபார்வர்டு பண்ணாங்க. அதப் பாத்து சாப்பிடாம கிடந்த அம்மாங்கள நான் நேர்ல பாத்தேன், அந்தக் கோவம் எனக்கு இன்னும் போகல. ராணுவ நடவடிக்கைய லைவ்வா காட்டாதீங்கன்னு ஏப்ரல் 26ஆம் தேதியே மத்திய அரசு சேனலுங்களுக்கு எழுத்துல சொல்லியிருந்தது.

நல்ல செய்தியும் கெட்ட செய்தியும் முதல்ல அரைகுறையாத்தான் வரும். 2020 ஜூன்ல கல்வான்ல சீனாக்காரங்களோட மோதல் நடந்தப்போ முதல்ல ஒரு அதிகாரி, ரெண்டு வீரர்னு அறிவிச்சாங்க, அன்னைக்கு ராத்திரியே அது 20 பேர் ஆச்சு. நம்ம ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனியும் அதுல ஒருத்தர். அதனால டிவியில வர்ற நம்பர வச்சு மனசுல கணக்குப் போடாதீங்க. காலையில ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை ரேடியோ செய்தி கேளுங்க, இல்ல ராணுவம் அதிகாரபூர்வமா சொல்றத மட்டும் பாருங்க. குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல சண்டை வீடியோ போடுறவங்ககிட்ட நேரா சொல்லிடுங்க, "அண்ணே, எங்க வீட்டு ஆளு அங்க இருக்காரு, இதப் போடாதீங்க"ன்னு. யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

அவரு யூனிஃபார்ம் போட்டோவ ஸ்டேட்டஸ் வைக்கலாமா? பெருமையா இருக்கே.

பெருமை நியாயம்தான். ஆனா இப்போ வேண்டாம். 2020 ஜூலையில ராணுவம் தன் ஆளுங்ககிட்ட பேஸ்புக், இன்ஸ்டாகிராம் உட்பட 89 ஆப்ப போன்ல இருந்து தூக்கச் சொன்னது. அவருக்கே அவ்வளவு கட்டுப்பாடுன்னா நம்ம மூலமா வெளிய போகலாமா? தோள்ல இருக்கிற பேட்ஜுல யூனிட் தெரியும், பின்னாடி இருக்கிற மலைய வச்சு இடம் தெரியும். ஸ்டேஷன்ல வழியனுப்புற போட்டோவ அன்னைக்கே போட்டா எந்த ரயில்ல எப்போ போறாங்கன்னு தெரியும். ஃபிரேம் போட்டு ஹால்ல மாட்டுங்க, வர்றவங்க எல்லாரும் பாக்கட்டும்.

ஒருத்தர் "ஹெட்குவார்ட்டர்ஸ்ல இருந்து பேசுறேன், உங்க கணவர் இப்போ எந்த லொகேஷன்"னு கேட்டாரு. சொல்லலாமா?

கூடாது. உண்மையான ஆபீஸுக்கு அவரு எங்க இருக்காருன்னு உங்ககிட்ட கேக்க வேண்டிய அவசியமே இல்ல. அதிகாரி மாதிரி நடிச்சு பாகிஸ்தான் உளவுக்காரங்க போன் பண்றது 2025லயும் நடந்துச்சு. இன்னொரு பக்கம் பணத்துக்கு வர்ற திருடங்க, "அடிபட்டு ஆஸ்பத்திரியில இருக்காரு, உடனே பணம் அனுப்புங்க"ன்னு. ராணுவ ஆஸ்பத்திரியில வைத்தியத்துக்கு வீட்டுல இருந்து ஒரு பைசா கேக்க மாட்டாங்க. "நம்பர் கொடுங்க, நானே யூனிட்டுக்கு பண்றேன்"னு சொல்லி வச்சுடுங்க, அப்புறம் உங்ககிட்ட ஏற்கனவே இருக்கிற யூனிட் நம்பருக்குப் பேசி விஷயத்த சொல்லுங்க.

வீட்டுல ஒரு அவசரம், அவரு போன் ஆஃப். எப்படித் தகவல் சொல்றது?

அந்தக் காலத்துல தந்திதான். அம்மா சீரியஸ்னு ஒரு தந்தி போனா லீவு கொடுப்பாங்க, லீவுல வந்தவரு நீட்டிக்கணும்னாலும் தந்தி. 2013 ஜூலையில தந்தியே நின்னுடுச்சு. இப்போ யூனிட்டோட நம்பருக்கு, முடிஞ்சா அவரு கம்பெனி சீனியர் ஜே.சி.ஓ. (சுபேதார் மாதிரி பொறுப்புல இருக்கிறவரு) நம்பருக்கு நேரா போன் பண்ணுங்க. அவரு மலை மேல இருந்தாலும் யூனிட் ஒயர்லெஸ்ல சொல்லிடும். டாக்டர் சர்டிபிகேட் போட்டோ எடுத்து வச்சிருங்க, கேப்பாங்க.

யூனிட்டப் பிடிக்க முடியலன்னா ரெக்கார்டு ஆபீஸ், அவரு சர்வீஸ் விவரம் எல்லாம் இருக்கிற இடம். மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு ஊட்டி பக்கத்துல வெலிங்டன், எம்.இ.ஜி.க்கு (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) பெங்களூரு, ஆர்ட்டிலரிக்கு நாசிக், சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், இ.எம்.இ.க்கு (வண்டி, ஆயுதம் பழுது பாக்குற பிரிவு) செகந்திராபாத். அதுவும் முடியலன்னா உங்க மாவட்டத்துல இருக்கிற முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு நேர்லயே போங்க, பேருதான் முன்னாள் படைவீரர், இப்போ சர்வீஸ்ல இருக்கிறவங்க குடும்பத்துக்கும் உதவுவாங்க, நிலத்தகராறு மாதிரி விஷயத்துக்குக் கூட கலெக்டர் குறைதீர்க்கும் கூட்டத்துல மனு கொடுக்கலாம்.

இதுக்கெல்லாம் ஒரு நோட்டு போடுங்க: ஆர்மி நம்பர், யூனிட், ரெக்கார்டு ஆபீஸ், சீனியர் ஜே.சி.ஓ., பேங்க் அக்கவுண்ட், இன்சூரன்ஸ், நாமினி யாரு. அவரு லீவுல இருக்கும்போதே உக்காத்தி வச்சு எழுதிடுங்க. அபசகுனம்னு பெரியவங்க தடுப்பாங்க, கேக்காதீங்க. கல்யாணம் ஆனதும் அவரு ரெக்கார்டுல உங்க பேரும், குழந்தை பொறந்ததும் குழந்தை பேரும் ஏறிடுச்சான்னு ஒரு தடவை கேட்டுக்கங்க.

இதக் கேக்கவே வாய் வரல. கெட்ட சேதி வந்தா எப்படி வரும்?

கேட்டது தப்பில்ல, எல்லார் மனசுலயும் இருக்கு. வாட்ஸ்அப்ல வராது, டிவியில முதல்ல வரக்கூடாதுங்கிறதுதான் முறை. ரெக்கார்டுல நெருங்கிய உறவுன்னு யாரு பேரு இருக்கோ அவங்களுக்கு யூனிட்ல இருந்து அதிகாரபூர்வமா தகவல் வரும், பெரும்பாலும் பக்கத்துல இருக்கிற ராணுவ நிலையத்துல இருந்தோ மாவட்ட அலுவலகத்துல இருந்தோ ஆளுங்க நேர்லயும் வருவாங்க. அதனால அது வரைக்கும் யாரு என்ன சொன்னாலும் நம்பாதீங்க.

சில நேரம் தகவல் வந்தும் காத்திருக்க வேண்டியிருக்கும். நம்ம திருச்சி மேஜர் சரவணன் 1999 மே 29 அன்னைக்கு கார்கில் சண்டையில படாலிக்ல வீரமரணம் அடைஞ்சாரு, எதிரி குண்டு நிக்காததால அவரு உடம்ப மீட்கவே ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. அந்தக் குடும்பம் அத்தனை நாள் எப்படிக் காத்திருந்திருக்கும். அப்படிக் காத்திருக்கிற வீடு உங்க தெருவுல இருந்தா தயவு செஞ்சு கேமராவோட போறவங்கள வாசல்லயே நிறுத்துங்க, சோறு பொங்கி எடுத்துட்டுப் போங்க, அவங்க போன வேற யாராவது ஒருத்தர் எடுத்துப் பேசுங்க.

லீவு கேன்சல்னு பாதியில கூப்பிட்டுட்டாங்க. திரும்ப எப்போ?

வருஷத்துக்கு 60 நாள் ஆண்டு லீவு, 30 நாள் கேஷுவல் லீவு, கணக்குல அப்படி இருக்கும். யுத்தம்னா கூப்பிடுவாங்க, போகத்தான் வேணும். தேதி யாருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. வளைகாப்பு, காதுகுத்து, கிரகப்பிரவேசம் எதுவா இருந்தாலும் அவரு வந்தாத்தான்னு வருஷக்கணக்குல தள்ளிப் போடாதீங்க, நடத்திட்டு வீடியோ எடுத்து வைங்க.

திரும்பி வந்துட்டாரு, ஆனா பேசவே மாட்டேங்கிறாரு.

அங்க இருந்தப்போ லெட்டர்ல நாலு பக்கம் எழுதினவரு, பக்கத்துல உக்காந்துட்டு ஒரு வார்த்தை பேச மாட்டாரு. பட்டாசு வெடிச்சா திடுக்குன்னு எழுந்திருப்பாரு, ராத்திரி தூங்காம மொட்டை மாடியில நடப்பாரு. எங்க அப்பாவும் கார்கில் முடிஞ்சு வந்து அப்படித்தான் இருந்தாரு. "என்ன நடந்துச்சு, எத்தனை பேர சுட்டீங்க"ன்னு சொந்தக்காரங்க கேக்க வருவாங்க, அத முதல்ல நிறுத்துங்க. வேலை கொடுங்க, தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சுறது, புள்ளைய ஸ்கூல்ல விடுறதுன்னு. கூட இருந்த நண்பர் வீட்டுக்கு ஒரு நாள் கூட்டிட்டுப் போங்க, அவங்க ரெண்டு பேரும் பேசிக்குவாங்க, நீங்க உள்ள அவங்க வீட்டம்மாகூட இருங்க.

வாரக்கணக்குல தூக்கம் இல்ல, கோவம் அடங்கல, குடி கூடுது, செத்துடலாம்னு பேச்சு வருதுன்னா தள்ளிப் போடாதீங்க. டெலி மானஸ்ங்கிற அரசு மனநல உதவி நம்பர் 14416க்கு எந்த நேரமும் போன் பண்ணலாம், தமிழ்லயே பேசுவாங்க, காசு இல்ல. படைவீரர்களுக்காகவே புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில 2023 டிசம்பர்ல டெலி மானஸ் தனிப் பிரிவு ஆரம்பிச்சிருக்காங்க. நீங்களே பண்ணிக் கேக்கலாம், அவருதான் பண்ணணும்னு இல்ல. லீவு முடிஞ்சு போறதுக்குள்ள யூனிட் டாக்டர்கிட்ட சொல்லச் சொல்லுங்க, மறைச்சுட்டு துப்பாக்கி எடுத்துட்டு டியூட்டிக்குப் போறதவிட அது எவ்வளவோ மேல்.